பத்துத் தண்டில் ஆறு

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் உம்தா அவர்களே! சற்றுமுன் திருமறை ஓதி நம் நெஞ்சை அடங்க வைத்த ஷேக் அவர்களே! கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே! திரைக்கு அப்பால் பெண்களோடு அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியார் ஈனாஸ் அம்மையார் அவர்களே! சர்க்கரை போடாத காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவும் மனமின்றிக் கீழே வைக்கவும் மனமின்றி இருக்கும் கஃப்ர் சஃப்சாஃப் விவசாயப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் ஸலாம்.

என் பெயர் ஷஹாத்தா. சங்கத்தில் உதவியாளன். உங்களில் பாதிப் பேர் என்னை ‘பாஷ்முஹந்திஸின் நிழல்’ என்று கேலி பேசியிருக்கிறீர்கள். ஆள் போன பிறகு நிழல் மட்டும் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்து நிற்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்புகூட வரலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது.

நாம் எல்லோரும் பாஷ்முஹந்திஸ் என்று அழைத்த வேளாண் பொறியாளர் ரிஃப்அத் ஷல்கானி அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்து இன்றோடு நாற்பது நாள். நடவு முடிந்த வாரம் அது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர், மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் வழியில் என் சட்டையைப் பற்றி இழுத்து, “ஷஹாத்தா, நாத்து நிமிந்துருச்சா?” என்று கேட்டார். நிமிர்ந்துவிட்டது என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் நட்டுக் கொடுத்த பயிருக்கும் நடவாகி நாற்பது நாள்தான். அவருக்கு நாம் துக்கம் காக்கும் நாளும், அந்தப் பயிர் கதிருக்குக் கருக்கொள்ளும் நாளும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இதை யார் இப்படிப் பொருத்தி வைத்தார்கள்? எனக்குத் தெரியாது.

இந்தப் பந்தலுக்கு வெளியே, வாய்க்கால் கரையோரம், யூரியா மூட்டை ஏற்றிய வண்டிகள் நிற்கின்றன. வரும்போது எண்ணினேன், பதினேழு. இன்று காலை நம் வாய்க்காலுக்கு முறைத்தண்ணீர் திறந்துவிட்டார்கள். நாலு நாள் ஓடும். பிறகு ஆறு நாள் வறண்டு கிடக்கும். இந்தக் கூட்டம் முடிந்ததும் நீங்கள் நேரே யூரியாவோடு வயலில் இறங்கப்போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது என்றேன். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் அவரைப் பற்றிப் பேச விடுங்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் இந்த ஊருக்கு வந்தபோது இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? பயிர் வெளுத்தால் யூரியா. பயிர் பழுப்பேறினால் யூரியா. பயிர் பச்சையாக இருந்தால், இன்னும் பச்சையாகட்டும் என்று மறுபடியும் யூரியா! பக்கத்து வயல்காரன் ஒரு கை வீசினால் நாம் இரண்டு கை வீசினோம். நட்ட இருபதாம் நாள் இலையில் துருப்பிடித்ததுபோல் புள்ளி விழும். நாம் பசி என்று நினைத்து உரத்தைக் கொட்டினோம். அவர்தான் வயலில் மண்டியிட்டு, மண்ணை முகர்ந்து, “பசிதான், ஆனா இந்தப் பசி வேற” என்றார். துத்தநாகச் சத்து இல்லாத பசி. அடுத்த பருவம் ஒரு கைப்பிடி வெள்ளைத் தூளை நாற்றங்காலிலேயே தூவினார். துரு நின்றது. மந்திரித்தார் என்று சிலர் சொன்னார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“இந்தப் பயிருக்கு வாய் ஒண்ணு, வயிறு மூணு” என்பார். முதலில் தின்பது தூருக்குப் போகும். நடுவில் தின்பது தண்டுக்குப் போகும். கதிர் கருக்கொண்ட பிறகு தின்பதுதான் மணிக்குப் போகும். ஒரே யூரியாதான், ஒரே கைதான், ஆனால் நாள் மாறினால் போய்ச் சேரும் வயிறு மாறிவிடும். கருக்கொள்வதற்கு முன் ஊட்டினால் தண்டு விறுவிறுவென்று நீளும், கீழே வலுவிருக்காது, காற்றடித்தால் படுத்துவிடும். இலை தடித்துத் தழைத்துப் பனியைப் பிடித்து வைக்கும், அதில் குலைநோய் குடியேறும். கதிர் வெளியே வரும், வெள்ளையாக நிற்கும், தொட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றுமிருக்காது, பதர். பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று அவர் எத்தனை முறை சொன்னார்! நாம் எத்தனை முறை கேட்டோம்?

ஒவ்வொரு வயலிலும் இரண்டு முழ அகலத்தில் ஒரு பாத்தியை உரமே போடாமல் விடச் சொன்னார். மண் தானாக எவ்வளவு தரும் என்று பார்ப்பதற்காக. உங்களுக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். சாலையில் போகிறவன் பார்த்து, இந்த வீட்டில் உரம் வாங்கக்கூட வழியில்லையா என்பான். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வயலைத்தானே பார்க்கிறார்கள்? திரைக்கு அப்பால் இருக்கும் நஃபீஸா அம்மாவின் பாத்தி ஒரு வருடம் திடீரென்று மற்ற வயலைவிடக் கறுத்துச் செழித்து நின்றது. பாஷ்முஹந்திஸ் கரையில் நின்று பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நஃபீஸா, இந்தப் பாத்தியில மட்டும் மழ பேஞ்சுச்சா?”

“அல்லா குடுத்தது பாஷ்முஹந்திஸ், நான் என்ன செய்ய?”

“அல்லா குடுத்தா வயல் பூரா குடுத்திருப்பான். இது நீ வாளியில குடுத்தது.”

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள் அம்மா, அவருக்கும் அது பிடிக்கும். அந்த வருடம் அவர் அந்தப் பாத்தியைத் தனியே அறுத்து, தனியே அடித்துக் காட்டினார். வைக்கோல் இரண்டு மடங்கு, நெல் முன்னைவிடக் குறைவு. நஃபீஸா அம்மா அதை அள்ளிப் பார்த்துவிட்டு, “மாட்டுக்குத்தான் வெவசாயம் பண்ணிருக்கேன்” என்றார். அதற்குப் பிறகு அந்த அம்மாவின் வயலில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

பாஷ்முஹந்திஸ் எதைப் பார்த்து யூரியா போட நாள் சொன்னார்? இலையைப் பார்த்தா? நாட்காட்டியைப் பார்த்தா? இல்லை. விடிந்ததும் வயலில் இறங்குவார். பத்து இடத்தில் பத்துத் தூரின் தாய்த்தண்டை அடியோடு எடுப்பார். சவரப் பிளேடால் நெடுக வகிர்ந்து, மேல் கணுவுக்கு மேலே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். அங்கே கடுகில் பாதி அளவுக்கு வெள்ளையாக, மெல்லிய பூனைமயிரோடு ஒரு முனை தெரியும். அதுதான் கதிர். அதுதான் நம் வீட்டு ஒரு வருடச் சோறு. பத்துத் தண்டில் ஆறில் அந்த முனை தெரிந்த பிறகே அவர் வாயைத் திறப்பார். “இப்ப போடுங்க” என்பார். அந்த ஒரு சொல்லுக்கு இந்த ஊரே காத்திருக்கும். அவர் சொல்லி நாம் போட்டு, ஒரு வருடம் தவிர மற்ற எந்த வருடமும் பழுதானதில்லை.

ஒரு வருடம் தவிர.

பதினோரு வருடங்களுக்கு முன் நடந்ததை இங்கே மறந்தவர் யாரும் இருக்க முடியாது. வெள்ளைக் கதிர் வருடம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டோம். வாய்க்காலின் கிழக்குக் கரையில் நாற்பது ஃபதான் நிலமும் பாயாகப் படுத்தது. குலைநோய் விழுந்து கதிரெல்லாம் வெளுத்தது. அதோ முன்வரிசையில் இருக்கிறாரே ஹாஜி தஸூகி, அவர் அரிவாளோடு வயலில் இறங்கி, இரண்டு கதிரைக் கையில் கசக்கி ஊதிப் பார்த்துவிட்டு, அரிவாளை வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தார். அந்தக் குளிர்காலத்தில் எத்தனை வீட்டில் அடுத்தவர் வீட்டு அரிசிக்குக் கை நீட்டினோம்! சொந்தமாய் நெல் விளைகிற ஊரில்!

சங்கத்து முற்றத்தில் அன்று எல்லோரும் கூடினீர்கள். யார் நாள் சொன்னது என்று கேட்டீர்கள். பாஷ்முஹந்திஸ் முன்னால் வந்து நின்றார். “நான்தான் சொன்னேன். ஊர்ல இல்ல, போன்ல சொன்னேன். தண்டப் பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னுது” என்றார். அவ்வளவுதான். ஹாஜி தஸூகி இரண்டு வருடம் அவருடைய ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களில் யாரோ அவர் வீட்டு வாசலில் பதரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஈனாஸ் அம்மையார் அதைப் பெருக்கி அள்ளினார். மேலதிகாரியிடமிருந்து கண்டனக் கடிதம் வந்தது. அதையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை வயலில் இறங்கினார்.

பெரியோர்களே, அவர் பொய் சொன்னார்.

அவர் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்து சொன்ன ஒரே பொய் அது. இந்த மேடையில் அவரைப் புகழ வந்துவிட்டு அந்தப் பொய்யை அப்படியே வைத்துவிட்டு இறங்கினால் என் புகழ்ச்சிக்கு என்ன அர்த்தம்? அன்று நாள் சொன்னது அவர் இல்லை. நான்.

அமைதியாக இருங்கள். சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த வாரம் ஈனாஸ் அம்மையாருக்குத் தந்தா நகரில் அறுவைச் சிகிச்சை. பாஷ்முஹந்திஸ் உடன் போயிருந்தார். போகும்போது பிளேடையும் கண்ணாடியையும் என் கையில் கொடுத்து, ஆறு வரும்வரை வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இதே மாதிரி முறைத்தண்ணீர் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஹாஜி தஸூகியின் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சாலை வழியாக வருகிறார்கள், வயல் வெளிறிக் கிடக்கிறது. ஹாஜி என்னிடம் வந்து, “தம்பி ஷஹாத்தா, என் பொண்ணு மானம் உன் கையில” என்றார். அன்று காலை நான் வகிர்ந்த பத்துத் தண்டில் முனை தெரிந்தது இரண்டில்தான். இரண்டு! எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றீர்கள், முதல் முறையாக இந்த ஊர் என் வாயைப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. “இப்ப போடுங்க” என்றேன். பாஷ்முஹந்திஸ் போனில் சொல்லிவிட்டார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வயல் கரும்பச்சையாக நின்றது. மாப்பிள்ளை வீட்டார் மெச்சினார்கள். ஹாஜி என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தோள் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

முற்றத்தில் அவர் பழியை ஏற்றபோது நான் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. பிறகு தனியே அழுதேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் இருந்தது, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

“என்ன இவங்க திட்டுவாங்க, அப்புறம் மன்னிச்சுருவாங்க. உன்ன மன்னிக்க மாட்டாங்க. நான் போனப்புறம் இந்த ஊருக்கு நாள் சொல்ல ஒருத்தன் வேணும். அவன் பேச்ச இவங்க கேக்கணும்.”

அப்படியென்றால் இப்போது நான் என்ன செய்துவிட்டேன்? அவர் இரண்டு வருட அவமானத்தைச் சுமந்து எனக்கு வாங்கித் தந்த நம்பிக்கையை நாற்பதாம் நாளில் இதே மேடையில் போட்டு உடைத்துவிட்டேன். இனி நீங்கள் என் பேச்சைக் கேட்பீர்களா? நேற்று முழுவதும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் என்னை நம்ப மாட்டீர்கள். சொல்லாமல் விட்டால், அவர் பொய்யில் ஏறி நின்று மறுபடியும் உங்களுக்கு நாள் சொல்கிறவன் ஆவேன். இரண்டுமே எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் ஈனாஸ் அம்மையார் என்னைக் கூப்பிட்டு, அவருடைய தகரப் பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே அதே பூதக்கண்ணாடி, ஒரு கட்டுப் பிளேடு. நான் அவர்களிடம், “அவருக்குப் பயமே கிடையாது, எனக்குத்தான் கை நடுங்குது” என்றேன். அவர்கள் என்னை வேடிக்கையாகப் பார்த்தார்கள். “பயமே கிடையாதா? இருபத்தெட்டு வருஷமா இந்த ஒரு வாரம் அவர் ஒழுங்கா சாப்பிட்டதில்லப்பா. நாலு வாய் வச்சுட்டு எந்திரிச்சுருவாரு. அவர் கைய நீ பாத்ததே இல்லியா?” என்றார்கள். பார்த்திருக்கிறேன். தண்டை வகிரும்போது முழங்கையை முட்டியில் அழுத்தி வைத்துக்கொள்வார். வசதிக்காக என்று நினைத்தேன். நடுக்கத்தை மறைக்க என்று இருபத்திரண்டு வருடம் கூட இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

ஊரே உண்ணும் சோற்றை ஒரு கடுகின் பாதியில் பார்த்து முடிவு சொல்கிறவனுக்குப் பயம் இல்லாமல் எப்படி இருக்கும்? பயம் இல்லாமல் நாள் சொன்னது நான் மட்டும்தான். அதன் பலனை நீங்கள் தின்றீர்கள்.

இப்போது வெளியே நிற்கும் வண்டிகளுக்கு வருகிறேன்.

இன்று விடிந்ததும் கிழக்குக் கரையில் பத்துத் தண்டு வகிர்ந்தேன். மூன்று. மேற்குக் கரையில் பத்து. அங்கும் மூன்று. என் கணக்கில் ஆறு வர இன்னும் மூன்று நாளாவது ஆகும். அதாவது முறைத்தண்ணீரின் கடைசி நாள். நாம் கடைமடைக்காரர்கள். கடைசி நாளில் தண்ணீர் இதுவரை வந்து சேருமா? சேரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். போன முறை சேரவில்லை. சேராவிட்டால், வறண்ட வயலில் யூரியா வீச முடியாது, அடுத்த முறைவரை பொறுக்க வேண்டும், கொஞ்சம் மணி குறையும். அதனால்தான் இன்றே போட்டுவிடலாம் என்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவர் ஒவ்வொரு வருடமும் சொன்னதை யோசித்துப் பாருங்கள். “நாலு நாள் பிந்துனா நாலு மணி குறையும். நாலு நாள் முந்துனா பயிரே படுத்துரும்” என்பாரே. குறைந்த மணியை உண்டு பிழைக்கலாம். பதரை என்ன செய்வது?

என்னை நம்புங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. அந்த உரிமையைச் சற்றுமுன் நானே கைகழுவிவிட்டேன். அதனால் ஒன்று செய்திருக்கிறேன். மேடைக்குக் கீழே அந்த ஈரச்சாக்கில் இன்று காலை பிடுங்கிய தண்டுகள் இருக்கின்றன. பிளேடுகளும் இருக்கின்றன. நீங்களே வகிர்ந்து பாருங்கள். என் கண்ணை நம்ப வேண்டாம், உங்கள் கண்ணை நம்புங்கள்.

ஹாஜி தஸூகி அவர்களே, எழுந்துவிட்டீர்களா? போகிறீர்களா? போங்கள் ஹாஜி, உங்களைத் தடுக்க எனக்கு என்ன இருக்கிறது. உங்கள் மகளின் நிச்சயத்தை முன்னிட்டு நான் செய்ததற்கு நீங்கள் என்னை இந்த மேடையிலேயே அறைந்திருக்கலாம்.

மற்றவர்கள் உட்காருங்கள். சாக்கிலிருந்து ஆளுக்கொரு தண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கமிருந்து வகிருங்கள். வேகமாக இழுக்காதீர்கள், கையில் ஏறிவிடும். மேல் கணு தெரிகிறதா? அதற்கு மேலே பாருங்கள். ஒன்றுமில்லை என்கிறாரா உம்தா? ஷேக்குக்கு? ஷேக்குக்கு இருக்கிறது. வயலில் எல்லாம் ஒரே நாளில் விழிப்பதில்லை, அதற்காகத்தான் பத்து.

வெளியே ஏதோ சத்தம் கேட்கிறது. வாசலில் இருப்பவர்களே, வண்டிகளா? எந்தப் பக்கம் போகின்றன? இல்லையா? சரி. சரி, வழி விடுங்கள், ஹாஜி உள்ளே வருகிறார். முழங்கால்வரை சேறு. பந்தலுக்குப் பக்கத்திலேயே அவர் வயல்தானே. கையில் என் சாக்குத் தண்டு இல்லை, அவருடைய சொந்தத் தண்டு. பத்தும் வகிர்ந்திருக்கிறது. ஹாஜி, இங்கே வாருங்கள். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன், நீங்கள் சொல்லுங்கள்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. ஹாஜி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். “மூணுதான்டா இருக்கு. பதினோரு வருஷம் அந்த மனுசன் மேல வச்சிருந்த கோவத்த நான் இப்ப எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்? உன்ன அப்புறம் பாத்துக்கிறேன். நாளைக்கு எத்தன மணிக்கு வயல்ல இறங்குவ?” இதுதான் அவர் கேட்டது.

கஃப்ர் சஃப்சாஃப் மக்களே! பாஷ்முஹந்திஸ் ரிஃப்அத் ஷல்கானிக்கு நினைவுத்தூண் எழுப்ப என்னிடம் வசதியில்லை. இருந்தாலும் அவர் அதைத் திட்டுவார். நாளை காலையும் பத்து, அதற்கு மறுநாளும் பத்து, ஆறு தெரியும்வரை ஒவ்வொரு விடியலிலும் பத்துத் தண்டு வகிர்வேன், கணக்கை மறைக்காமல் உங்கள் முன்னால் சொல்வேன். அவர் பணியைத் தொடர்வேன் என்று சொல்ல எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். தண்ணீர் வருமா என்பது எனக்குத் தெரியாது. உங்களைப் போலவே நானும் அதை நினைத்துப் பயந்துகொண்டுதான் இருப்பேன். மூட்டைகள் மட்டும் இன்று கட்டவிழ வேண்டாம்.

விடிந்ததும் வருகிறேன் ஹாஜி. பிளேடை நீங்கள் பிடியுங்கள். எனக்குக் கை நடுங்கும்.